பிறர் கையில் ஓடும் கார்: ஸ்லாட் கார்ப் பதிலாள் பந்தயம் – ஒரு விளக்கம்

முன்னுரை

பெரியதைச் சிறியதாகச் செய்து பார்த்து மகிழ்வது மனித இயல்பு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். வீதியில் அசைந்து வரும் பெருந்தேரைக் கண்ட சிறுவன் தன் கைக்கு அடங்கும் தேரொன்றை உருட்டி மகிழ்கின்றான். இருபதாம் நூற்றாண்டில் தேரின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. சிறுதேரின் இடத்தைச் சிறுகார் பிடித்துக்கொண்டது. அச்சிறுகாருக்கு மின்சாரம் ஊட்டி, அது செல்ல ஒரு பாதையும் வகுத்து, ஒன்றோடொன்று போட்டியிடச் செய்யும் விளையாட்டே 'ஸ்லாட் கார்ப் பந்தயம்' ஆகும். தச்சர் பலகையில் வெட்டும் நீண்ட பள்ளத்தைக் 'காடி' என்கிறோம். 'ஸ்லாட்' என்பது இங்கு அக்காடியையே குறிக்கும். காடியில் ஓடும் கார் ஸ்லாட் கார்.

இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் பரவியுள்ள இவ்விளையாட்டில் 'பிராக்ஸி பந்தயம்' என ஒரு தனிவகை உண்டு. அதனைப் 'பதிலாள் பந்தயம்' எனத் தமிழில் வழங்கலாம். இதில் காரைச் செய்தவர் போட்டிக்குச் செல்வதில்லை. கார் மட்டும் அஞ்சலில் செல்கிறது. அதனை வேறொருவர் தம் ஊரில், தம் களத்தில் ஓட்டுகின்றார். பின்னர் அது அடுத்த ஊருக்கு அனுப்பப்படுகிறது. இவ்வாறு பல களங்களைக் கண்டபின் வெற்றி தோல்வி முடிவாகிறது.

ஒருவர் தம் கையால் செய்த பொருள், தாம் உடனில்லாத இடத்தில், தமக்கு அறிமுகமில்லாதவர் கையில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே இப்பந்தயம் எழுப்பும் வினா. இவ்வினா விளையாட்டின் எல்லைக்குள் நின்றுவிடுவதன்று. கைவினை, நம்பிக்கை, நடுநிலை ஆகிய மூன்றையும் அது தொட்டுச் செல்கிறது. அவ்வகையில் இப்பந்தயத்தின் அமைப்பையும் நுட்பத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

மின்சாரத்தால் ஓடும் பந்தயக் கார் பொம்மை நாம் எண்ணுவதைவிடப் பழமையானது. பொம்மை இரயில்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912ஆம் ஆண்டிலேயே அத்தகைய கார்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. எனினும் சில ஆண்டுகளில் அம்முயற்சி நின்றுபோயிற்று. பின்னர் 1950களில் இங்கிலாந்தின் மாதிரிப்பொருள் கழகங்களைச் சேர்ந்த ஆர்வலர்கள் இக்கலைக்கு மீண்டும் உயிரூட்டினர். முதலில் புடைத்து நிற்கும் தண்டவாளத்தின்மேல் கார்களை ஓட்டிய அவர்கள், பின்னர்த் தரையில் வெட்டிய காடிக்கு மாறினர். தண்டவாளம் கண்ணை உறுத்தியது. காடியோ தரைக்குள் மறைந்து, கார் தானே சாலையில் செல்வதுபோன்ற தோற்றத்தைத் தந்தது.

இவ்விளையாட்டை இல்லந்தோறும் கொண்டுசென்றவர் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்னும் ஆங்கிலேயர். இவருடைய மினிமாடல்ஸ் நிறுவனம் 1952 முதல் 'ஸ்கேலெக்ஸ்' என்னும் பெயரில், சுருள்விசையால் ஓடும் தகரக் கார்களை விற்றுவந்தது. விசை முடுக்கிவிட்ட கார் தன் போக்கில் ஓடுமேயன்றி, ஓட்டுபவர் சொற்படி கேளாது. இக்குறையை நீக்க எண்ணிய ஃபிரான்சிஸ், காருக்குள் மின்மோட்டாரைப் பொருத்தி, காடியுள்ள இரப்பர்ப் பாதையில் அதனை ஓடவிட்டார். 'ஸ்கேலெக்ஸ்' என்பதோடு 'எலக்ட்ரிக்' என்பதைக் கூட்டி 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' எனப் பெயரிட்டு, 1957ஆம் ஆண்டு ஹாரோகேட் நகரப் பொம்மைக் கண்காட்சியில் அதனை அறிமுகம் செய்தார். முதலில் வந்த கார்களுள் ஒன்று மசராட்டி 250எஃப். அர்ஜென்டினாவின் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ தம் ஐந்தாம் உலக வாகையை அதே 1957இல், அதே வகைக் காரில்தான் வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. செய்தித்தாளில் படித்த வெற்றியைக் கூடத்துத் தரையில் நிகழ்த்திப் பார்க்கும் வாய்ப்பு அன்றைய சிறுவர்க்குக் கிட்டியது.

1958இல் அந்நிறுவனம் லைன்ஸ் பிரதர்ஸ் என்னும் பெரிய பொம்மை நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1963இல் ஜெர்மனியில் கரேரா தோன்றியது. அமெரிக்காவிலோ 1960களின் நடுப்பகுதியில் இவ்விளையாட்டு பெரும் அலையாக எழுந்தது. எட்டுத் தடங்கள் கொண்ட பெரிய மரக்களங்கள் கடைகளில் அமைக்கப்பட்டன. இளைஞர் நேரக் கணக்கில் கட்டணம் செலுத்தித் தம் கார்களை ஓட்டினர். அவ்வலை 1970க்குள் அடங்கிவிட்டது, களங்கள் மூடப்பட்டன. ஆயினும் அன்று பித்தளைக் கம்பியை வளைத்துப் பற்றவைத்துத் தாமே கார் செய்யக் கற்ற இளைஞர்களின் கைப்பழக்கம் மறையவில்லை. அப்பழைய வடிவக் கார்களை இன்றும் செய்வோர் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் எண்ணிக்கையிற் சிலர். இடத்தால் ஒருவருக்கொருவர் தொலைவில் இருப்போர். ஒரே கூரையின்கீழ்க் கூட இயலாத அவர்களைக் கூட்டுவிக்கும் வழியாகவே பதிலாள் பந்தயம் அமைகின்றது.

காரின் உறுப்புகளும் இயக்கமும்

பந்தயத்தின் நுட்பத்தை உணரக் காரின் அமைப்பை அறிதல் வேண்டும். வீட்டுக்களங்களிலும் கழகங்களிலும் பெரிதும் வழங்குவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. நான்கு மீட்டர் நீளமுள்ள கார் இவ்வளவையில் பன்னிரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கும். இருபத்துநான்கில் ஒரு பங்கு என்னும் பெரிய அளவும், எச்.ஓ. எனப்படும் மிகச் சிறிய அளவும் உண்டு.

காரின் முன்பகுதியில், அடியில், ஒரு சிறு தகடு தொங்கும். அது காடிக்குள் இறங்கிக் காரை நடத்திச் செல்வதால் அதனை வழிகாட்டித் தகடு என்பர். அதன் இருமருங்கும் செம்புக் கம்பியிழைகளால் ஆன பின்னல்கள் உள்ளன. காடியின் இருபுறமும் பதிக்கப்பட்ட உலோகப் பட்டைகளை அப்பின்னல்கள் உரசிச் சென்று மின்சாரத்தைப் பெறுகின்றன. பெரும்பாலும் 12 வோல்ட் அளவிலான அம்மின்சாரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டாரின் சிறு பற்சக்கரம் பின்அச்சின் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது.

ஓட்டுபவர் கையில் துப்பாக்கி போன்ற ஒரு விசைப்பிடி இருக்கும். விரலால் அழுத்தும் அளவுக்கேற்ப மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் கூடும். விரலை எடுத்ததும் மின்சாரம் நிற்பதோடு, பட்டைகள் இரண்டும் விசைப்பிடி வழியாகத் தம்முள் இணைந்துவிடும். அப்போது சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கியாக மாறித் தன் சுழற்சியைத் தானே எதிர்க்கும்; கார் வேகம் தணியும். தனியே பிரேக் என ஓர் உறுப்பு இல்லாமலே பிரேக் கிடைப்பது இவ்வாறுதான்.

இங்குத் திசைதிருப்பும் வேலை ஓட்டுபவர்க்கு இல்லை. அதனைக் காடி பார்த்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்புதுமே அவர் கையில் உள்ளன. இஃது எளிதெனத் தோன்றும். வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தோடு நுழைந்தால் பின்பக்கம் வெளியே வீசப்பட்டு, வழிகாட்டித் தகடு காடியை விட்டு எழும்பி, கார் களத்துக்கு வெளியே பாயும். அளவுக்குக் குறைந்து நுழைந்தால் எதிரி முந்திச் செல்வார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நுண்ணிய எல்லையில் காரை நிறுத்துவதே ஓட்டுநரின் திறன்.

பழைய வடிவத்தின் அருமை

பதிலாள் பந்தயங்கள் பலவும் ஒரு குறிப்பிட்ட காலத்துக் கார்களை மட்டும் ஏற்கின்றன. சான்றாக, 1961 முதல் 1965 வரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எஞ்சினின் கொள்ளளவு 1500 கன சென்டிமீட்டராக வரையறுக்கப்பட்டிருந்தது. அக்காலக் கார்கள் சுருட்டு வடிவின. மெலிந்த உடலுக்கு வெளியே நான்கு சக்கரங்களும் தனித்து நிற்பன. 1961இல் ஃபில் ஹில்லுக்கு உலக வாகை தந்த, சுறாமூக்குப் போன்ற முகப்புடைய ஃபெராரி 156, 1963இல் ஜிம் கிளார்க் வாகை சூடிய லோட்டஸ் 25 முதலியன அவ்வகையின. காற்றின் அழுத்தத்தால் காரைத் தரையோடு அழுத்தும் சிறகுகள் ஃபார்முலா ஒன் கார்களுக்கு வந்தது 1968இல்தான். அதற்கு முன்னர் டயரின் பிடிப்பும் ஓட்டுநரின் கையுமே காரைச் சாலையில் நிறுத்தின. வளைவுகளில் அவை சறுக்கிச் செல்லும் அழகே தனி.

அவ்வழகைச் சிறு உருவில் மீட்க வேண்டுமென்பதற்காகவே விதிகள் வகுக்கப்படுகின்றன. டயரின் அகலத்துக்கு உச்சவரம்பு உண்டு. மேற்கூடு உண்மைக் காரின் அளவோடு ஒத்திருத்தல் வேண்டும். ஓட்டுநர் பொம்மை இருக்கையில் அமர்ந்திருத்தல் வேண்டும். காரை அழுத்திப் பிடிக்கும் காந்தம் கூடாது. இவற்றுள் இறுதி விதியே தலையாயது.

காந்தம் ஏன் விலக்கப்படுகிறது என்பதைச் சற்று விரித்துரைத்தல் தகும். கடைகளில் விற்கும் பல கார்களின் அடியில் காந்தம் இருக்கும். அது பாதையின் எஃகுப் பட்டைகளை ஈர்த்துக் காரை அழுத்திப் பிடிக்கும். ஆனால் காந்தத்தின் ஈர்ப்பு, இடைவெளி சிறிது கூடினும் வெகுவாகக் குறைந்துவிடும் இயல்புடையது. ஆகவே கார் ஓர் எல்லைவரை ஒட்டியது போல் ஓடி, அவ்வெல்லையைத் தாண்டியதும் முன்னறிவிப்பின்றித் தெறித்துப் பறக்கும். காந்தமில்லாக் காரோ மெல்லச் சறுக்கத் தொடங்கித் தன் நிலையை ஓட்டுநர்க்கு உணர்த்தும். 'இன்னும் சிறிது போனால் விழுவேன்' என்று கார் சொல்வதை விரல் கேட்டு விசையைத் தளர்த்தும்.

இத்தகைய காரைச் செய்வது எளிதன்று. சுருட்டு வடிவக் காரின் நடுவுடல் இவ்வளவையில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அதற்குள் மோட்டார், பற்சக்கரம், அச்சு, கம்பிகள் அனைத்தும் அடங்க வேண்டும். அகன்ற உடலுடைய கார்களில் மோட்டாரைக் குறுக்கே கிடத்தலாம். இங்கு அதற்கு இடமில்லை. மெலிந்த மோட்டாரை நீளவாக்கில் வைத்தாக வேண்டும். அடிச்சட்டத்தைச் சிலர் பித்தளைத் தகட்டிலும் எஃகுக் கம்பியிலும் பற்றவைத்துச் செய்கின்றனர். இக்காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்தெடுப்போரும் உளர். கருவி எதுவாயினும், அச்சு நேராக இருத்தல், சக்கரம் வட்டம் பிறழாதிருத்தல், நான்கு டயர்களும் தரையைச் செவ்வனே தொடுதல் என்னும் அடிப்படைகள் மாறுவதில்லை.

பந்தயம் நடைபெறும் முறை

ஏற்பாட்டாளர் ஒருவர் முதலில் விதிகளையும், பந்தயம் நடைபெறும் களங்களின் வரிசையையும் அறிவிக்கின்றார். கார் வினைஞர்கள் தத்தம் ஊர்களில் கார்களைச் செய்து, உதிரி டயர், செம்புப் பின்னல் முதலியவற்றோடு பொதிந்து குறித்த நாளுக்குள் அனுப்புகின்றனர். கார்கள் வந்து சேர்ந்ததும் அவை விதிகளுக்கு உட்பட்டவையா என அளந்து சரிபார்க்கப்படும். தோற்ற அழகுக்கும் வண்ண வேலைக்கும் தனி மதிப்பெண் வழங்கும் பந்தயங்களும் உண்டு.

பின்னர் முதற் களத்தில் பந்தயம் தொடங்கும. ஒவ்வொரு காரும் களத்தின் எல்லாத் தடங்களிலும் ஒரே கால அளவு ஓட்டப்படும். அக்காலத்துள் அது சுற்றிய சுற்றுகள் கணக்கிடப்படும். நான்கு தடங்கள், தடத்துக்கு மூன்று நிமிடம் எனக் கொண்டால் ஒரு காருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இருபது கார்கள் எனில் நான்கு மணி நேரம். ஒவ்வொரு காரையும் இருவர் ஓட்ட வேண்டும் என விதியிருந்தால் எட்டு மணி நேரம். ஒரு முழுநாளைத் தமக்குரியதல்லாத கார்களுக்காகச் செலவிடும் உள்ளூர் ஓட்டுநர்கள் இல்லாமல் இப்பந்தயம் இல்லை.

ஓட்டம் முடிந்ததும் களத்துக்குரியவர் கார்களைத் துடைத்து, மீண்டும் பொதிந்து அடுத்த களத்துக்கு அனுப்புவார். ஊர் தாண்டியும் சில வேளை நாடு தாண்டியும் பொதி செல்லும். இறுதிக் களத்தில் ஓட்டம் முடிந்தபின் கார்கள் செய்தவரிடம் திரும்புகின்றன. அதுகாறும் பல மாதங்கள் அவர் தம் காரைக் காண்பதில்லை. முடிவுகளையும் படங்களையும் கொண்டே அதன் நலம் அறிகின்றார்.

தமிழிலக்கியத்தில் தூது என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. தாம் செல்ல இயலாத இடத்துக்கு அன்னத்தையோ, கிளியையோ, முகிலையோ அனுப்பித் தம் நெஞ்சைப் புலப்படுத்துவர். தூது செல்லும் பொருள் அங்கு என்ன சொல்லுமோ, எவ்வாறு சொல்லுமோ என்னும் கவலை அனுப்பியவர்க்கு இருக்கும். பதிலாள் பந்தயத்தில் காரை அனுப்பியவர் நிலையும் அதுவே. அவர் சொல்ல விரும்பியதையெல்லாம் காரே சொல்லியாக வேண்டும்.

களந்தோறும் வேறுபாடு

பந்தயத்தின் உயிர்நாடி இங்குதான் உள்ளது. எந்த இரு களங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேறுபாடுகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதலாவது, தரை. சில களங்கள் பிளாஸ்டிக் துண்டுகளை இணைத்து அமைத்தவை. சில, பலகையில் காடி வெட்டி வண்ணம் பூசியவை. பிளாஸ்டிக் தரையின் இணைப்புகளில் கார் சற்றே துள்ளும். மரக்களம் வழவழப்பாகத் தொடர்ந்து செல்லும். டயரின் பிடிப்பும் தரைக்குத் தரை மாறும். தூய தரையில் சிலிக்கோன் டயர் நன்கு பற்றும். ஆனால் தூசு படிந்தால் அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். யூரித்தேன், இயற்கை இரப்பர் ஆகியவற்றின் குணங்கள் வேறு. ஒரு களத்துக்கு ஏற்ற டயர் மற்றொன்றில் சறுக்குவதும் உண்டு.

இரண்டாவது, வடிவம். நீண்ட நேர்ப்பாதையுள்ள களத்தில் உச்ச வேகம் வெல்லும்; குறுகிய வளைவுகள் நிறைந்த களத்தில் உடனே பாய்தலும் உடனே அடங்குதலும் வெல்லும். இதனைத் தீர்மானிப்பதில் பற்சக்கர விகிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒன்பது பல்லுள்ள சிறு சக்கரம் இருபத்தேழு பல்லுள்ள பெருஞ்சக்கரத்தைச் சுழற்றினால் விகிதம் மூன்றுக்கு ஒன்று. அதாவது மோட்டார் மூன்று முறை சுழல, அச்சு ஒருமுறை சுழலும். இவ்விகிதத்தைக் கூட்டினால் பாய்ச்சலும் பிரேக்கும் வலுக்கும், உச்ச வேகம் குறையும். குறைத்தால் இதற்கு மறுதலையாகும். ஏழெட்டுக் களங்களுக்கு ஒரே விகிதத்தைத் தேர்ந்தாக வேண்டிய வினைஞர் எங்கும் மிகாமலும் எங்கும் குறையாமலும் ஒரு நடுவழியைக் காண வேண்டியவராகிறார்.

மூன்றாவது, காடி. மரக்களக் காடி பொதுவாக ஆழமானது. பிளாஸ்டிக் களங்கள் சிலவற்றில் அது ஆழம் குறைந்தது. ஆழக் காடிக்கெனச் செய்த நீண்ட தகடு ஆழமற்ற காடியின் அடியில் இடித்துக் காரின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பின்னல் பட்டையைத் தொடாமல் மின்சாரம் நிற்கும்.

நான்காவது, மின்சாரம். மின்னழுத்தம் களத்துக்குக் களம் சிறிது மாறும். விசைப்பிடியின் வகையும் மாறும். ஒரே மோட்டார் ஓரிடத்தில் சாந்தமாகவும் வேறோரிடத்தில் முரடாகவும் தோன்றுவதற்கு இது காரணம்.

ஐந்தாவது, பயணம். இதனைக் களத்தின் வேறுபாடு என்பதினும் களங்களுக்கு இடைப்பட்ட சோதனை எனலாம். அஞ்சல் வண்டியின் குலுக்கலில் திருகாணி தளரும். மெல்லிய அச்சு வளையும். பக்கக் கண்ணாடியும் புகைக்குழாயும் ஒடிந்து விழும். அனுபவமுள்ள வினைஞர் இவ்வுறுப்புகளை வளைந்து நிமிரும் பொருளால் செய்கின்றார். காரைச் செய்வது போன்றே அதனைப் பொதிவதும் ஒரு கலை என்பது இங்குப் புலனாகும்.

வேகமும் இணக்கமும்

தம் வீட்டுக் களத்தில் நாள்தோறும் ஓட்டிப் பார்த்துச் செப்பனிடும் வினைஞர்க்கு ஓர் இடர் நேர்வதுண்டு. கார் அக்களத்துக்கென்றே பழகிவிடும். அதைவிட நுட்பமான இடர், அவர் விரல் அக்காருக்குப் பழகிவிடுவது. மூன்றாம் வளைவில் கார் சற்றே துள்ளும் என அறிந்த விரல், அவரை அறியாமலே முன்னதாகத் தளரும். காரின் குறையைக் கை மறைத்துவிடும். அதே கார் பிறர் கைக்குச் செல்லும்போது மறைந்திருந்த குறை வெளிப்படும். புதிய ஓட்டுநர்க்கு அக்காரோடு பழகச் சில சுற்றுகளே கிடைக்கும். அடுத்த காரை எடுத்தாக வேண்டும்.

ஆகவே இப்பந்தயத்தில் வெல்வது பெரும்பாலும் மிக வேகமான கார் அன்று. எவர் கைக்கும் இணங்கும் காரே. அத்தகைய காரைச் செய்ய வினைஞர் பல நுட்பங்களைக் கையாளுகின்றனர். மெல்லிய ஈயத்தகட்டை அடியில் ஒட்டி எடையைத் தாழ்த்துவர்; எடை தாழ்ந்தால் கார் கவிழாது. ஆனால் எடை மிகுந்தால் பாய்ச்சலும் பிரேக்கும் மந்தமாகும் என்பதால் அளவறிந்தே சேர்ப்பர். மேற்கூட்டின் திருகாணிகளை இறுக முறுக்காமல் சிறிது நெகிழவிடுவர். மேற்கூடும் அடிச்சட்டமும் தனித்தனியே அசைய, அதிர்வு தணிந்து சறுக்கல் மென்மையாகும். டயரைச் சக்கரத்தில் ஒட்டி, உரக்காகிதத்தின்மேல் சுழலவிட்டுத் தேய்த்து வட்டத்தைச் செம்மை செய்வர். பின்னலைத் தட்டையாக, பட்டைமேல் இலேசாகப் படியும்படி வளைப்பர். விறைத்து நின்றால் அதுவே காரைத் தூக்கிவிடும்.

புள்ளி வழங்கும் முறையும் இவ்விணக்கத்துக்கே சாதகமாக உள்ளது. சுற்றுகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டினால், நீளம் குறைந்த களத்தில் சுற்றுகள் மிகுதியாதலால் அக்களமே முடிவைத் தீர்மானித்துவிடும். அதனைத் தவிர்க்கக் களந்தோறும் பெற்ற இடத்துக்குப் புள்ளி வழங்குவர். பத்துக் கார்கள் ஓடும் பந்தயத்தில் முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, கடைசி இடத்துக்கு ஒரு புள்ளி எனக் கொள்வோம். ஒரு கார் முதற் களத்தில் பத்தும், மற்ற இரண்டில் மூன்றும் நான்கும் பெற்றால் மொத்தம் பதினேழு. எங்கும் முதலிடம் பெறாமல் ஏழு, எட்டு, ஏழு எனப் பெற்ற மற்றொரு கார் இருபத்திரண்டோடு அதனை முந்திவிடும். ஓரிடத்தில் மின்னுவதினும் எல்லா இடத்திலும் நிலைநிற்பதே இங்குப் பெரிது.

நடுநிலை என்னும் அச்சாணி

காருக்குரியவர் அருகில் இல்லை. தம் கார் சரியாக ஓட்டப்பட்டதா, பழுதுற்றபோது செப்பனிடப்பட்டதா என அவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. எனவே நடுநிலை தவறாமைக்குப் பல வழிமுறைகள் ஏற்பட்டுள்ளன. எல்லாக் கார்களையும் அதே ஓட்டுநர்களே ஓட்டுதல் அவற்றுள் ஒன்று. ஓட்டுநரின் திறமை ஏற்றத்தாழ்வு எல்லாக் கார்களுக்கும் பொதுவாகிவிடும். ஓட்டம் தொடரத் தொடரத் தரையில் டயரின் இரப்பர் படிந்து பிடிப்புக் கூடும். முதலில் ஓடிய காருக்கு இது பாதகம். ஆதலின் பந்தயத்துக்கு முன்னரே வேறு கார்களை ஓட்டித் தரையைப் பதப்படுத்துவர். ஓட்டவரிசையையும் களந்தோறும் மாற்றுவர். ஓட்டுநர் களைப்படைதலும் கணக்கில் கொள்ளப்படும்.

களத்துக்குரியவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதும் வரையறுக்கப்படும். டயரைத் துடைக்கலாம், அச்சுக்கு எண்ணெய் இடலாம், தளர்ந்த திருகாணியை முறுக்கலாம், அறுந்த கம்பியை ஒட்டலாம், பின்னலை நேர்செய்யலாம். பற்சக்கரத்தையோ மோட்டாரையோ தம் விருப்பப்படி மாற்றலாகாது. மாற்றினால் ஓடுவது செய்தவரின் கார் ஆகாது.

களத்துக்குரியவர் தாமும் ஒரு கார் அனுப்பியிருப்பதுண்டு. தம் களத்தில், தம் கையால், தம் காரையும் எதிரியின் காரையும் ஓட்டும் நிலை அவருக்கு வாய்க்கிறது. அவர் விரல் ஓர் இமைப்பொழுது முந்தித் தளர்ந்தால் எதிரியின் சுற்று மெதுவாகும். அதனை எவரும் கண்டுபிடிக்க இயலாது. எந்த விதியும் எட்ட முடியாத இடம் அது. அங்கு அவரைக் காப்பது அவர் மனச்சான்று ஒன்றே. எதிரியின் காருக்கு அறுந்த கம்பியைப் பற்றவைத்து, அதனைத் தம் காரைவிட விரைவாக ஓட்டிக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு உண்டு. விதிகள் எத்துணை நுட்பமாயினும் இந்நம்பிக்கை இல்லையெனில் பதிலாள் பந்தயம் ஒருநாளும் நடவாது. சிறு பிளாஸ்டிக் காரைச் சுற்றி நடைபெறும் இவ்விளையாட்டில் உண்மையில் சோதிக்கப்படுவது பெரியவர்களின் நேர்மையே எனலாம்.

கற்பவர்க்குப் பயன்

தோல்வியும் இப்பந்தயத்தில் வீணாவதில்லை. ஒவ்வொரு களத்திலும் ஓட்டியவர்கள் காரைப் பற்றிய தம் கருத்தை எழுதுகின்றனர். 'வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் துள்ளுகிறது', 'பிரேக் போதவில்லை', 'இரண்டாம் தடத்தில் தகடு இடிக்கிறது' என்னும் குறிப்புகள் செய்தவர்க்குச் செல்கின்றன. தாம் ஒருவரே செய்து தாம் ஒருவரே ஓட்டியிருந்தால் ஆண்டுகள் பல கழிந்தும் அறிய முடியாத குறைகள் அவருக்கு ஒரு பந்தயத்தில் தெரியவருகின்றன. அருகில் கழகமே இல்லாத சிற்றூரில் வாழும் புதியவரும், பித்தளைக் கம்பியோடு அறுபது ஆண்டு பழகிய முதியவரும் ஒரே பொதியில் தம் கார்களை அனுப்புகின்றனர். முதியவரின் பற்றவைப்பு எத்துணைச் செம்மையாக உள்ளது என்பதைப் பொதியைத் திறந்து, காரைத் திருப்பிப் பார்க்கும் களத்துக்குரியவர் கற்றுக்கொள்கின்றார். நூலில் எழுதப்படாத கைநுட்பம் ஒரு தலைமுறையிலிருந்து மறுதலைமுறைக்குச் செல்லும் வழி இதுவாகும்.

நம் மாணவர்க்கு இஃது அயல் உலகச் செய்தி அன்று. பல்கலைக்கழகத் தேர்வில் எழுதிய விடைத்தாள், எழுதியவர் முகம் அறியாத ஆசிரியர் கைக்குச் செல்கிறது. வகுப்பில் தம் மாணவனை அறிந்த ஆசிரியர், அவன் அரைகுறையாகச் சொன்னாலும் கருத்தை ஊகித்துக்கொள்வார். வெளியூர்த் தேர்வாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. தாளில் உள்ளதே அவருக்கு மாணவன். 'நான் சொல்ல வந்தது வேறு' என்று விளக்க அங்கு எவரும் இருப்பதில்லை. வீட்டுக் களத்தில் மட்டும் ஓடும் காருக்கும், தன் ஆசிரியர்க்கு மட்டும் புரியும் விடைக்கும் வேறுபாடு மிகுதியில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஸ்லாட் கார்ப் பதிலாள் பந்தயம் என்பது பழைய பந்தயக் கார்களின் வடிவைப் பேணுவதோடு, கைவினையின் உண்மைத் தரத்தையும் அளந்து காட்டும் ஒரு முறை என்பது தெளிவாகும். காந்தத்தின் துணையை மறுத்துச் சமநிலையால் ஓடும் காரை அது வேண்டுகிறது. ஒரு களத்துக்கு மட்டும் பழகிய காரை அது ஒதுக்குகிறது. செய்தவரிடம் செம்மையையும், ஓட்டுபவரிடம் நடுநிலையையும் அது ஒருங்கே எதிர்பார்க்கிறது.

செய்தவன் அருகிலிருந்து தாங்கிப் பிடிக்கும்வரை எந்தப் பொருளும் நன்றாகவே தோன்றும். அவன் கையை விட்டு அகன்றபின், பிறர் கையில், பிற மண்ணில் அது நிற்குமாயின் அதுவே நன்கு செய்த பொருள். காரேயாயினும், கட்டுரையேயாயினும், நாம் உருவாக்கி உலகுக்கு அனுப்பும் மாணவரேயாயினும் இவ்வளவுகோல் பொருந்தும்.